துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம்தான்: விமானப் பயணம் பற்றி வாசகர் கேள்வி - பதில்

விமானப் பயணத்தின் தூரம், நேரம் குறித்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வாசகி, குடியாத்தம்: மூத்த மகள் துபாயில் இருக்கிறாள், இளையவள் சிங்கப்பூரில். சென்னையில் காலை 10.00 மணிக்கு ஏறினால் துபாயில் மதியம் 12.45-க்கு இறங்கலாம் என்கிறது ஒரு டிக்கெட். அதே 10.00 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் மாலை 4.45 என்கிறது இன்னொன்று. சிங்கப்பூர் அவ்வளவு தூரமா? ஏழு மணி நேரம் உட்கார என் முழங்கால் இடம் கொடுக்காது.

இரண்டும் ஒரே தூரம்தான் அம்மா. சென்னை விமான நிலையத்திலிருந்து மேற்கே துபாய் ஏறக்குறைய 2,930 கி.மீ. கிழக்கே சிங்கப்பூர் ஏறக்குறைய 2,920 கி.மீ. நீங்கள் சொன்ன இரண்டு டிக்கெட்டிலும் பயண நேரம் நாலே கால் மணிதான்.

குழப்பம் கடிகாரத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரத்தைப் புறப்படும் ஊர்க் கணக்கிலும், சேரும் நேரத்தைச் சேரும் ஊர்க் கணக்கிலும் போடுவார்கள். உலகம் முழுக்க இதே வழக்கம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். காலை 10.00 மணியோடு நாலே கால் மணியைக் கூட்டினால் நம் கடிகாரத்தில் மதியம் 2.15. அதிலிருந்து ஒன்றரை மணியைக் கழித்தால் துபாய் நேரம் 12.45, அதனுடன் இரண்டரை மணியைக் கூட்டினால் சிங்கப்பூர் நேரம் 4.45.

டிக்கெட்டிலேயே ‘பயண நேரம்’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். முழங்காலுக்கு அந்த வரியை மட்டும் பாருங்கள். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கி, மணிக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கம் வரை நடந்துவிட்டு வாருங்கள். உண்மையில் உங்கள் முழங்காலுக்குச் சோதனை விமானத்தில் இல்லை. குடியாத்தத்திலிருந்து மீனம்பாக்கம் வரை காரில் மடக்கிய காலோடு உட்காரும் நேரத்தில்தான் இருக்கிறது. காவேரிப்பாக்கம் பக்கம் எங்காவது நிறுத்தி, இறங்கி நடந்துவிட்டுப் போங்கள்.

வாசகர், ஆற்காடு: துபாய்க்குப் போகும்போது நாலே கால் மணி, திரும்பும்போது நாலு மணிக்கும் குறைவு. போகிற வழி வேறு, வருகிற வழி வேறா?

வழியில் சிறு மாறுதல் இருக்கலாம். ஆனால் முக்கியக் காரணம் காற்று. விமானம் காற்றுக்குள் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்தக் காற்றே மேற்கிலிருந்து கிழக்காக 50 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால், துபாய் போகும்போது தரைக்கு மேல் வேகம் 800, திரும்பும்போது 900. 2,930-ஐ 800-ஆல் வகுத்தால் 3 மணி 40 நிமிடம். 900-ஆல் வகுத்தால் 3 மணி 15 நிமிடம். ஓடுதளத்தில் உருள்வது, ஏறுவது, இறங்குவது இதற்கு மேல் தனி; நீங்கள் பார்த்த வித்தியாசம் இதுதான்.

குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்குக் காற்றோட்டம் மிகப் பலமாக வீசும். டிசம்பர், ஜனவரியில் லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் போகிறவர்களுக்குப் போக ஒரு நேரமும் வர அதைவிட ஒரு மணிக்கு மேல் குறைவாகவும் டிக்கெட்டில் காட்டுவது அதனால்தான்.

நம் பக்கத்துக்கென்றே இன்னொரு விசேஷம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே, ஏறத்தாழ சென்னை இருக்கும் அட்சரேகையிலேயே, காற்றோட்டம் திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். 1950-களில் இதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி.கோட்டீஸ்வரம். அதன் உச்ச வேகம் 14 கி.மீ. உயரத்துக்கு மேல்தான், விமானம் அதற்குக் கீழே பறப்பதால் முழு வேகமும் படாது. ஆனாலும் ஆடி மாதத்தில் துபாய் போகும் விமானம் சீக்கிரமாகவும், வரும் விமானம் கொஞ்சம் தாமதமாகவும் சேர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பள்ளி ஆசிரியர், அணைக்கட்டு: இரண்டு ஊர்களுக்கு இடையிலான வான்தூரத்தை பதினோராம் வகுப்பு மாணவர்கள் தாங்களே கணக்கிட வழி உண்டா? ஆப் சொல்லும் எண் வேண்டாம்.

உண்டு. சயின்டிஃபிக் கால்குலேட்டரும் இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையும் போதும். சென்னை விமான நிலையம்: வடக்கு 12.99, கிழக்கு 80.17. லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45.

முதலில் தீர்க்கரேகை வித்தியாசம். மேற்கை மைனஸாக எடுக்க வேண்டும். எனவே 80.17 - (-0.45) = 80.62 பாகை.

அடுத்து, இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.7823 = 0.1759. பிறகு அவற்றின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதை 80.62-இன் கொசைனாலும் பெருக்குங்கள்: 0.9744 × 0.6229 × 0.1630 = 0.0989. இரண்டையும் கூட்டினால் 0.2748. இதற்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 74.05 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை 111.2 கி.மீ. பெருக்கினால் 8,234 கி.மீ. முடிந்தது.

மாணவர்கள் தவறுவது மூன்று இடங்களில். கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். திரையில் ‘டிகிரி’ குறி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறந்துவிடுவார்கள். லண்டனுக்கு மறந்தால் நஷ்டம் நூறு கி.மீ.க்குள் அடங்கும், நியூயார்க்குக்கு மறந்தால் விடை கிர்கிஸ்தானில் போய் நிற்கும். மூன்றாவது, அட்லஸில் 13° 05′ என்று இருப்பதை 13.05 என்று போட்டுவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. 5-ஐ 60-ஆல் வகுத்து 13.08 என்று போட வேண்டும்.

பூமியைத் தட்டையாக நினைத்து பித்தாகரஸ் போட்டால் என்ன ஆகும் என்றும் செய்து காட்டலாம். சராசரி அட்சரேகைக்கு ஏற்பத் திருத்தம் செய்து போட்டாலும் இதே லண்டனுக்கு 8,700 கி.மீ. வரும். கிட்டத்தட்ட 470 கி.மீ. அதிகம். சென்னை – திருச்சிக்கு அந்த முறை போதும், சென்னை – லண்டனுக்குப் போதாது.

தூரத்திலிருந்து நேரம் வேண்டுமென்றால், கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். அந்த 40 நிமிடம் ஓடுதளம் வரை உருள்வது, ஏறுவது, இறங்குவது, மறுபடி உருண்டு நிற்பது எல்லாம் சேர்த்து. சென்னை – டெல்லி 1,760 கி.மீ.: 2 மணி 4 நிமிடத்துடன் 40 நிமிடம், ஆக 2 மணி 44. விமான அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பக்கத்தில் வரும்.

வாசகர், பேர்ணாம்பட்டு: கத்தாரிலிருந்து வரும்போது முன் திரையில் வேகம் 1,080 கி.மீ. என்று காட்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டோமா?

இல்லை. 11 கி.மீ. உயரத்தில் வெளியே மைனஸ் 56 பாகை குளிர் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,060 கி.மீ. திரையில் நீங்கள் பார்த்தது தரைக்கு மேல் வேகம். விமானம் காற்றுக்குள் 880-இல் போக, பின்காற்று 200 கி.மீ. தள்ளியிருக்கும். ஒலி வேகக் கணக்கு சுற்றியுள்ள காற்றை வைத்துத்தான், தரையை வைத்து அல்ல. இன்றைய பயணிகள் விமானங்கள் ஒலி வேகத்தில் 78 முதல் 85 சதவீதத்தில் பறப்பவை.

தோல் ஏற்றுமதி நிறுவன ஊழியர், ஆம்பூர்: செப்டம்பரில் மிலான் லீனியாபெல்லே கண்காட்சிக்குப் போக வேண்டும். துபாய் வழியா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா? துபாய் வழி சுற்று என்று ஏஜென்ட் சொல்கிறார். பெங்களூரில் ஏறலாமா?

ஏஜென்ட் சொல்வது வரைபடத்தில்தான் சரி. சென்னையிலிருந்து மிலான் மால்பென்சாவுக்கு நேர்க்கோட்டுத் தூரம் 7,540 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 2,930 + 4,710 = 7,640. நேர்க்கோட்டைவிட நூறே கி.மீ. அதிகம், அதாவது துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் வழி என்றால் 7,590 + 490 = 8,080. மிலானைத் தாண்டி வடக்கே போய்த் திரும்பி வருகிறீர்கள்.

ஆனால் தூரத்தை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். துபாய் வழியில் பயணம் நாலு மணி, ஆறரை மணி என்று இரண்டு நடுத்தரத் துண்டுகளாக உடையும். இரவு தூக்கம் இரண்டு முறை கலையும். ஃபிராங்க்ஃபர்ட் வழியில் பத்து மணி நேரம் ஒரே நீட்டாக, பிறகு ஒரு மணி சொச்சம். இறங்கிய அன்றே அரங்கில் நிற்க வேண்டியவர்களுக்கு ஒரே நீட்டான தூக்கம் பெரிய விஷயம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குள் நீங்கள் முதலில் கால் வைக்கும் இடத்தில்தான் இமிகிரேஷன். மிலானில் அல்ல, ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே வரிசையில் நிற்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை மறுபடியும் நடக்கலாம். ஒரு மணி நேர இடைவெளி டிக்கெட்டில் அழகாகத் தெரியும்; காலையில் நாலைந்து பெரிய விமானங்கள் சேர்ந்து இறங்கினால் அந்த ஒரு மணி போதாது. இரண்டு மணிக்குக் குறையாமல் எடுங்கள். துபாய் வழியில் இமிகிரேஷன் மிலானில் இறங்கிய பிறகு. அதனால் அடுத்த விமானத்தைத் தவறவிடும் பயம் குறைவு.

எந்த வழியானாலும் இரண்டு துண்டும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். அப்போது முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, லக்கேஜும் நேராக மிலான் போகும். மலிவு என்று தனித்தனியாக வாங்கினால் நடுவில் பெட்டியை எடுத்து, அந்த நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரும். அதற்கு விசாவும் தேவைப்படலாம். சாம்பிள் வெட்டும் கத்தி, ஊசி வகையறாக்களைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள்; கைப்பையில் இருந்தால் மீனம்பாக்கத்திலேயே போய்விடும்.

பெங்களூர் விஷயம்: ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இரண்டு நகரமும் ஏறக்குறைய சம தூரம். ஆனால் பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் முழு நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டும். சில்க் போர்டு, ஹெப்பால் நெரிசலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஹோஸ்கோட்டை – ஸ்ரீபெரும்புதூர் 262 கி.மீ. விரைவுச்சாலை முழுதாகத் திறந்தபின் கணக்கு மாறும். ஹோஸ்கோட்டையிலிருந்து தேவனஹள்ளி நகரத்துக்குள் நுழையாத வழி. அதுவரை, டிக்கெட்டில் நல்ல வித்தியாசம் இருந்தால் மட்டும் பெங்களூர்.

வாசகி, வாணியம்பாடி: மகன் கலிஃபோர்னியாவில். வெள்ளிக்கிழமை இரவு ஏறி ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இறங்குவானாம். இரண்டு நாள் பறக்கிறதா? திரையில் பாதை வட துருவம் பக்கம் வளைந்து போகிறதே, நேராகப் போனால் என்ன?

பறப்பது பதினாறு, பதினேழு மணி நேரம்தான். குளிர்காலத்தில் கலிஃபோர்னியா நம்மைவிடப் பதின்மூன்றரை மணி பின்னால் (கோடையில் பன்னிரண்டரை). அங்கே வெள்ளி இரவு 8.00 மணி என்றால் இங்கே சனி காலை 9.30. பதினாறரை மணி நேரம் கூட்டுங்கள்: ஞாயிறு அதிகாலை 2.00. சனிக்கிழமை முழுவதும் விமானத்துக்குள்ளேயே கழிந்துவிடும். 2021-இல் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ – பெங்களூர் நேரடி விமானம், கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்களாகக் கிளம்பியது ஜனவரி 9 இரவு. இறங்கியது ஜனவரி 11 அதிகாலை. போகும்போது இதற்கு நேர்மாறு. பெங்களூரில் மதியம் ஏறினால் அதே தேதி மாலையில் இறங்கிவிடலாம். விமான நிலையத்துக்கு அழைக்க வருகிறவரிடம் தேதியையும் அந்த ஊர் நேரத்தையும் எழுதியே அனுப்புங்கள். நாளைத் தவறாகச் சொல்லி ஆள் வராமல் நிற்பது சகஜம்.

பாதை வளையவில்லை, வரைபடம்தான் வளைக்கிறது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவப் பக்கம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். பள்ளிக்கூட உலக உருண்டையில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் பசிபிக்கின் நடுவே போகாது. பெங்களூரிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்காக, இருபது பாகை மட்டும் கிழக்கே சாய்ந்து கிளம்பி, 71 பாகை வடக்கு வரை ஏறி, அலாஸ்கா பக்கமாக இறங்கும். அதுதான் மிகக் குறைந்த தூரம், ஏறக்குறைய 14,000 கி.மீ. அன்றன்றைய காற்றையும் திறந்திருக்கும் வான்வழியையும் பார்த்து அதிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. விலகியும் போவார்கள். இவ்வளவு நீண்ட நேரடி விமானங்கள் அட்டவணையில் அடிக்கடி வரும், போகும். வாங்கும் நாளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர், கலவை: ஹெலிகாப்டர் மேலே ஏறி அப்படியே நின்றால், பூமி சுற்றி லண்டன் கீழே வந்துவிடாதா?

வராது தம்பி. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, ஹெலிகாப்டரும் தரையிலிருந்து அந்த வேகத்தோடுதான் கிளம்புகிறது. தவிர, கலவைக்கு நேர் மேற்கே லண்டன் இல்லை. ஏமன் பக்கம் இறங்க வேண்டி வரும்.

வாசகர், மேல்விஷாரம்: மதியம் கிளம்பி ஐரோப்பா பக்கம் பறக்கும்போது சூரியன் இறங்கவே மாட்டேன் என்கிறது. ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். சூரியனின் கணக்கை மட்டும் நாம் சொல்கிறோம். சென்னை அட்சரேகையில் பூமியின் பரப்பு கிழக்கு நோக்கி மணிக்கு 1,600 கி.மீ.க்குச் சற்று மேல் சுற்றுகிறது. 60 பாகை வடக்கில் அது பாதியாக, 835 கி.மீ. ஆகிவிடும். அது விமானத்தின் வேகமேதான். அங்கே நேர் மேற்காகப் பறந்தால் சூரியன் வானில் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும். லண்டன் விமானம் வடமேற்காகப் போவதால் முழுதாக நிற்காது, மெல்ல இறங்கும். பகல் பல மணி நேரம் நீளும். கிழக்கே, சிங்கப்பூர் பக்கம் போனால் பகல் சட்டென்று முடியும்.

இன்னொன்று, உயரம். 11 கி.மீ. மேலே இருந்து பார்த்தால் அடிவானம் மூன்று பாகை கீழே இறங்கித் தெரியும். அதனால் கீழே தரையில் சூரியன் மறைந்த பிறகும் ஜன்னலில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தெரிந்துகொண்டிருக்கும். வட பகுதிகளில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இன்னும் அதிகம். மேல்விஷாரத்து நேர அட்டவணையோ, போய்ச் சேரும் ஊர் அட்டவணையோ நடுவானில் பொருந்தாது. ஜன்னல் இருக்கை வாங்குங்கள். பேரீச்சம்பழத்தைக் கைப்பையிலேயே வையுங்கள். நேர் மேற்கே பார்க்கும் ஜன்னல் கிடைக்காது. லண்டன் போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் அஸ்தமனம் தெரியும்.

வாசகர், காட்பாடி: லண்டனுக்கு முன்பைவிட நேரம் கூடிவிட்டதே? பாகிஸ்தான் வான்வழி மூடியதாலா?

ஓரளவுக்கு. சென்னை – லண்டன் நேர்க்கோடு குஜராத், பலுசிஸ்தான், கிழக்கு ஈரான், பாகு நகரையொட்டிக் காஸ்பியன் கடல், உக்ரைன் என்று போகும். உக்ரைன் வான்வழி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு இல்லை. ரஷ்யாவும் அதே மாதக் கடைசியில் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடிவிட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய நிறுவன விமானங்களுக்கு மூடியது. 2019-இலும் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு பிப்ரவரி இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை இப்படி மூடியிருந்தார்கள்.

கவனிக்க வேண்டியது, 2025 தடை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும். டெல்லியில் மாறி இந்திய நிறுவனத்தில் ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களுக்குத்தான் பெரிய சுற்று: டெல்லியிலிருந்து மேற்கே போக வேண்டிய விமானம் முதலில் தெற்கே குஜராத் கடற்கரைக்கு வந்து, அரபிக்கடல் மேல் போய்த் திரும்புகிறது. சில அமெரிக்க விமானங்கள் வழியில் வியன்னாவில் எரிபொருள் போடவும் இறங்கின. சென்னையிலிருந்து துபாய், தோஹா போகும் விமானங்கள் எப்படியும் கடல் மேல்தான் போகின்றன. அவற்றுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இப்படிப்பட்ட காலங்களில் நம் ஊர்க்காரர்கள் டெல்லியைத் தவிர்த்து, சென்னையிலிருந்து நேரடியாகவோ வளைகுடா வழியாகவோ போவதே நல்லது.

லாட்ஜ் நடத்துபவர், காகிதப்பட்டறை: வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் கொல்கத்தா, டாக்கா நோயாளிகள் எங்களிடமே விமான நேரம் கேட்கிறார்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள் எப்போது பறக்கலாம்?

சென்னை – கொல்கத்தா ஏறக்குறைய 1,390 கி.மீ., பயணம் இரண்டே கால் மணி முதல் இரண்டரை. டாக்கா 1,620 கி.மீ., இரண்டரை மணிக்குச் சற்று மேல். அங்கே கடிகாரம் நம்மைவிட அரை மணி முன்னால்.

எப்போது பறக்கலாம் என்பதை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். காரணத்தைச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளது போல இருக்காது. ஏழெட்டாயிரம் அடி உயரத்தில், அதாவது ஊட்டியில் இருப்பது போல இருக்கும். அந்த அழுத்தத்தில் உடலுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். வயிறு, குடல், நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தையல் இழுபடும். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தால், அது கரையும்வரை பறக்கவே கூடாது, பார்வையே போகும். புதிதாக மாவுக்கட்டு போட்டவர்களுக்கு உள்ளே வீக்கம் இறுக்கும், ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். எனவே டிஸ்சார்ஜ் சமயத்திலேயே ‘பறக்கத் தகுதி’ச் சான்றிதழ் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆக்ஸிஜன், ஸ்ட்ரெச்சர் தேவைப்படுகிறவர்கள் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அன்றைக்குப் போய்க் கவுன்ட்டரில் கேட்டால் ஏற்ற மாட்டார்கள்.

வீல்சேர் மட்டும் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொன்னால் போதும்.

வாசகர், ராணிப்பேட்டை: சிங்கப்பூர் விமானம் 15-ஆம் தேதி 00.40 என்று போட்டிருக்கிறது. வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?

14-ஆம் தேதி மாலை. இதைத் தடித்த எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். 00.40 என்றால் 14-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேள்விப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பின்னாலிருந்து எண்ணுவோம். கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே, 11.40-க்கு மூடிவிடும். மூன்று மணி முன்னதாக, அதாவது 9.40-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து காரில் இரண்டரை மணி என்பது சாலை காலியாக இருந்தால். மாலையில் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ஷிஃப்ட் பேருந்துகள், அதன்பின் குன்றத்தூர், பல்லாவரம் நெரிசல், சென்னசமுத்திரம், நெமிலி டோல்கேட்கள், சாலை விரிவாக்கத்தில் மாற்றுப்பாதை என்று ஒரு மணி சர்வசாதாரணமாகக் கூடும். ஆறு மணிக்குக் கிளம்புங்கள், மழைக்காலமென்றால் ஐந்து.

ரயிலும் நல்ல வழிதான். காட்பாடியிலோ வாலாஜா ரோட்டிலோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால், அங்கேயே கீழே மெட்ரோ. நீல வழித்தடம் நேராக விமான நிலையம். ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் சௌகரியம், இரண்டு பெரிய பெட்டி என்றால் சென்ட்ரல் நடையில் வியர்த்துவிடும். மெட்ரோ இரவு 11 மணி அளவில் நின்றுவிடும், காலை 5 மணி அளவில்தான் தொடங்கும். அதனால் போகும்போது பயன்படும். அதிகாலை மூன்று மணிக்கு வந்து இறங்கும்போது பயன்படாது. திரும்பும் நாளுக்கு வண்டி சொல்லிவையுங்கள்.

எல்லாம் கூட்டினால் ராணிப்பேட்டை வீட்டுக் கதவிலிருந்து சிங்கப்பூர் வீட்டுக் கதவு வரை பன்னிரண்டு மணி நேரம். அதில் வானில் இருப்பது நாலு மணி சொச்சம்.

வாசகர், பள்ளிகொண்டா: சிறு நகரங்களை இணைக்கும் உடான் விமானத் திட்டத்தில், வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம் விட்டால் வெளிநாடு போகிறவர்களுக்கு மூன்று மணி நேரம் மிச்சமாகுமா?

மிச்சமாகாது. வேலூர் – சென்னை வான்தூரம் 120 கி.மீ. மட்டும். சிறிய விமானம் அதற்கு அரை மணி எடுக்கும். உருள்வது, ஏறி இறங்குவதோடு நாற்பது நிமிடம். அதற்கு ஒரு மணி முன்னதாக அப்துல்லாபுரத்தில் இருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் உள்நாட்டு முனையத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி செக்-இன். ஒரே பி.என்.ஆர். இல்லாவிட்டால், மழையில் அந்தச் சிறிய விமானம் ரத்தானால் சிங்கப்பூர் டிக்கெட்டும் போச்சு. கூட்டிக் கழித்தால் காரில் போகும் நேரமேதான் வரும், சமயத்தில் அதைவிட அதிகம்.

பெங்களூருக்கென்றால் கொஞ்சம் யோசிக்கலாம். வான்தூரம் 150 கி.மீ.தான், ஆனால் விமானம் நேராக தேவனஹள்ளியிலேயே இறங்கும். நகரத்தைக் கடக்கும் இரண்டு மணி நேரத் தொல்லை இல்லை. அப்துல்லாபுரத்துக்கு உண்மையான பலன் கொச்சி, ஹைதராபாத் மாதிரி தூர ஊர்களுக்கு நேரடியாக விட்டால்தான். அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்கலாம். சிகிச்சைக்கு வருகிறவர்களும் சென்னையில் இறங்காமல் வரலாம்.